சீட்டை ஏற்றுங்கள், கியரை இறக்குங்கள்

பெங்களூருக்கு வேலைக்கு வந்து, முப்பது வயதுக்கு மேல் சைக்கிள் வாங்கக் கிளம்பும் தமிழருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாமல் இருக்காது. சின்ன வயதில் வாடகை சைக்கிளில் குரங்கு பெடல் போட்டிருப்பார், அல்லது பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச சைக்கிளில் பள்ளிக்கூடம் போயிருப்பார். அதனால் கடைக்குள் நுழைந்ததும் நிறத்தைப் பார்ப்பார், விலையைப் பார்ப்பார், எத்தனை கியர் என்று கேட்பார். ஓட்டுவதைப் பற்றி இனிமேல் கற்க என்ன இருக்கிறது என்ற எண்ணம். இந்த அத்தியாயம் அவருக்காக எழுதியது.

ஊரில் பழகிய மூன்று பழக்கங்கள் இங்கே காலை வாரும். சீட்டைத் தாழ்த்தி வைப்பது ஒன்று. பாதத்தின் நடுப்பகுதியால் மிதிப்பது இன்னொன்று. மேடு வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அதே கியரில் அழுத்துவது மூன்றாவது. தஞ்சாவூரில் இரண்டு கிலோமீட்டர் போய்க் கடையில் சாமான் வாங்கி வருவதற்கு இவற்றால் ஒரு கெடுதலும் இல்லை. தரை சமம், தூரம் குறைவு. ஜெயநகரிலிருந்து மாரத்தஹள்ளிக்குத் தினமும் போய்வந்தால் ஒரு மாதத்தில் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும்.

சீட்டு உயரம்

உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் பதிய வேண்டும் என்று பலர் கேட்டு வாங்குகிறார்கள். கடைக்காரரும் மறுபேச்சு இல்லாமல் சீட் பில்லரை அடிவரை இறக்கிக் கொடுத்துவிடுவார். தரையில் கால் பதிவது வண்டி நிற்கும்போது வேண்டிய வசதி. முழங்கால் உழைப்பதோ ஓடும்போது. நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு முழங்காலும் 4,200 முறை மடங்கி நீள்கிறது. சீட்டு தாழ்ந்திருந்தால் மிதி மேலே வரும் ஒவ்வொரு தடவையும் கால் அளவுக்கு மீறி மடங்கும். அந்த நிலையிலிருந்து அழுத்தும்போது சுமை முழுக்க முழங்கால் சில்லின் பின்புறம் விழும்.

சரியான உயரத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். வழக்கமாக ஓட்டும்போது போடும் செருப்போ ஷூவோ காலில் இருக்கட்டும். மிதியை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். அதுதான் உயரம். பிறகு ஓட்டும்போது குதிகாலால் மிதிக்கக் கூடாது. பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கால் புடைத்திருக்கும் பகுதி மிதியின் அச்சுக்கு மேலே வர வேண்டும். பாதம் அப்படி மாறியதும் முழங்காலில் லேசான மடிப்பு தானாக வந்துவிடும்.

கணக்குப் பிரியர்களுக்கு இன்னொரு வழி. சுவரில் முதுகைச் சாய்த்து வெறுங்காலுடன் நின்று, ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து 0.883ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6. மிதிகளை இணைக்கும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை, சீட்டுக் குழாயை ஒட்டி, இந்த நீளம் இருக்க வேண்டும். பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரும், டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற அமெரிக்கர் கிரெக் லெமாண்டும் பரப்பிய சூத்திரம் இது. இரண்டு வழிகளும் வெவ்வேறு அளவு காட்டினால் தாழ்ந்ததில் தொடங்கி, சில நாளுக்கு ஒரு முறை அரை சென்டிமீட்டராக ஏற்றுங்கள். சீட் பில்லரில் ஒரு கோடு பொறித்திருக்கும். அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றினால் குழாய் முறியக்கூடும். அந்த அளவுக்கு ஏற்ற வேண்டியிருந்தால் அந்தச் சைக்கிளே உங்களுக்குச் சின்னது.

இப்படி ஏற்றிய சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையை எட்டாது, விரல் நுனி வேண்டுமானால் தொடும். பயமாக இருக்கும். ஆகவே இறங்கி ஏறும் முறையைப் புதிதாகப் பழக வேண்டும். இதைச் சொல்லித் தராமல் சீட்டை மட்டும் ஏற்றிக் கொடுப்பவர்களால்தான் பலர் மறுநாளே சாவியைத் தேடி எடுத்துச் சீட்டை இறக்கிவிடுகிறார்கள்.

நிற்பதற்குச் சீட்டிலிருந்து முன்னால் நகர்ந்து இறங்க வேண்டும். பிரேக்கைப் பிடித்து வேகம் குறைந்ததும், கீழே இருக்கும் மிதியில் ஒரு காலால் எழுந்து நின்று, இடுப்பைச் சீட்டுக்கு முன்னால் கொண்டுவந்து மற்றக் காலைத் தரையில் ஊன்றுங்கள். சிக்னலில் நிற்பது இப்படித்தான்: சீட்டு பின்னால், நீங்கள் குறுக்குக் கம்பிக்கு மேல் கால் அகட்டி. கிளம்பும்போது ஒரு மிதியை முன்பக்கம் சற்று மேலே, கடிகாரத்தில் இரண்டு மணி முள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன்மேல் ஏறி நில்லுங்கள். உங்கள் எடையே வண்டியை நகர்த்தும், அதே எழுச்சியில் சீட்டுக்குப் போய்விடலாம். தரையை உதைத்துக்கொண்டே தத்தித்தத்தி ஏறும் பழைய முறையை மறந்துவிடுங்கள். பின்னால் ஆட்டோ ஹாரன் அடிக்கும்போது அது வேலைக்காகாது. கப்பன் பூங்காவுக்குள் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. 2013 அக்டோபரில் நகரத்தின் முதல் ‘சைக்கிள் டே’ தொடங்கியதும் அங்கேதான். ஒரு ஞாயிறு காலை அங்கே போய், இந்த ஏறி இறங்குவதை மட்டும் கை பழகும் வரை செய்யுங்கள்.

வலி எங்கே இருக்கிறது என்பதே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வு, அல்லது கனமான கியரில் அழுத்துகிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட்டு அதிக உயரம். பின்னால் வரும் நண்பரிடம் உங்கள் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் இடமும் வலமும் ஆடினால் அதுவும் உயரம் கூடியதன் அடையாளம்தான்.

கைகளும் உட்காருமிடமும்

உள்ளங்கை மரத்துப்போகிறது என்று புதிதாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் சொல்வார்கள். முதலில் சீட்டின் சாய்வைப் பாருங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தாங்குவது கைதான். சீட்டு மட்டமாக இருக்கட்டும். அடுத்தது கைக்கும் ஹேண்டில்பாருக்கும் உள்ள தூரம். முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். கை விறைத்து நீண்டிருந்தால் தோள், கழுத்து, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்து வலிக்கும். இதைச் சரிசெய்யச் சீட்டை முன்னால் தள்ளுவது பலரும் செய்யும் தப்பு. சீட்டின் முன்பின் நிலை காலுக்கானது. மிதிகளைத் தரைக்கு இணையாக நிறுத்தி, முன்னால் இருக்கும் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டால், அது மிதியின் அச்சை ஒட்டி விழ வேண்டும். இது சட்டமில்லை, தொடங்குவதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஹேண்டில்பார் தூரமாக இருந்தால் அதைத் தாங்கும் ஸ்டெம்மை நீளம் குறைந்ததாக மாற்றச் சொல்லுங்கள். சின்னச் செலவு, பெரிய மாற்றம்.

உட்காருமிடத்து வலிக்கு எல்லாரும் முதலில் வாங்குவது ஜெல் உறை. அரை மணி நேரத்துக்கு மேல் போனால் அது மெத்தென்று அமுங்கி, எலும்பு தாங்க வேண்டிய எடையைச் சதைக்குக் கொடுத்து இன்னும் வலிக்க வைக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சைக்கிளுக்கு அகலச் சீட்டும், குனிந்து ஓட்டுவதற்கு ஒடுங்கிய, சற்றுக் கெட்டியான சீட்டும் பொருந்தும். நெடுந்தூரம் போகிறவர்கள் திண்டு வைத்த கால்சட்டை வாங்கலாம். அதற்குள் ஜட்டி போடக் கூடாது என்பதைக் கடையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தையல் உராய்ந்து புண்ணாகிவிடும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேலே சொன்னவை எல்லாம் பிரேம் அளவு சரியாக இருந்தால்தான் செல்லும். ஒரு நிறுவனத்தின் எம் அளவு இன்னொரு நிறுவனத்தின் எஸ் அளவாக இருக்கும். எழுத்தை நம்பாதீர்கள். குறுக்குக் கம்பிக்கு மேல் கால் அகட்டி நின்றால் உடம்புக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு மூன்று விரலாவது இடைவெளி வேண்டும். கையிருப்பில் இருக்கும் அளவையே உங்களுக்குப் பொருத்தமான அளவு என்று சாதிக்கும் கடையிலிருந்து நடையைக் கட்டுங்கள். காசு கொடுத்து உடம்பை அளந்து பொருத்தும் பைக் ஃபிட் நிலையங்களும் இந்த ஊரில் இருக்கின்றன. முதல் சைக்கிளுக்கு அவை தேவையில்லை. நூறு கிலோமீட்டர் அளவில் ஓட்டத் தொடங்கியபின், அல்லது மேலே சொன்ன திருத்தங்களுக்கும் அடங்காத வலி இருந்தால் போகலாம்.

ஊரின் முதுகெலும்பு

பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். சைக்கிள்காரருக்கு அந்த எண்ணைவிட நகரத்துக்குள் ஓடும் மேட்டு வரம்பு முக்கியம். வடக்கு தெற்காக, மல்லேஸ்வரம், பசவனகுடிப் பக்கங்களை ஒட்டிப் போகிறது அது. அதற்கு மேற்கே விழும் மழை விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும் காவிரிக்கும் போகிறது. கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கு. இரண்டுமே கடைசியில் நம் பக்கம்தான் வந்து சேர்கின்றன என்பது வேறு கதை. நமக்கு இங்கே வேண்டிய செய்தி, ஏரிகளும் ராஜகாலுவே என்கிற பெரிய வாய்க்கால்களும் பள்ளத்தில் இருக்கின்றன, பழைய குடியிருப்புகள் பலவும் மேட்டில் இருக்கின்றன என்பது. கிழக்கே உள்ள கம்பெனிகளுக்குப் போகிறவர் காலையில் மொத்தத்தில் இறங்குகிறார், மாலையில் களைத்த உடம்போடு ஏறுகிறார். நடுவில் மேம்பாலங்கள், ரயில் பாதைக்கு அடியில் இறங்கி ஏறும் சுரங்கப்பாதைகள். ஊட்டி மாதிரி ஏற்றம் எங்கேயும் இல்லை. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒன்றாக ஏதாவது ஒரு குட்டி மேடு வந்துகொண்டே இருக்கும்.

இதனால்தான் கடையில் கேட்க வேண்டிய கேள்வி “எத்தனை கியர்?” என்பது இல்லை. “ரொம்ப லேசான கியர் எது?” என்பது. முன்னால் இருக்கும் செயின் வீலில் மிகச் சிறியதன் பற்களை எண்ணுங்கள். பின்னால் இருக்கும் பல்சக்கர அடுக்கில் மிகப் பெரியதன் பற்களை எண்ணுங்கள். முன்னதைப் பின்னதால் வகுங்கள். விடை ஒன்றை ஒட்டி வந்தால் பெங்களூரில் எந்த மேட்டுக்கும் போதும். நகரத்துக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் 1.2 வரை போகலாம். ஒன்றரைக்கு மேல் இருக்கும் சைக்கிளை, கால் ஏற்கெனவே பழகியவர்கள் மட்டும் வாங்கட்டும்.

வகுத்து வந்த எண்ணை 2.1ஆல் பெருக்கினால், ஒரு சுற்று மிதிக்கு வண்டி எத்தனை மீட்டர் நகரும் என்பது கிடைத்துவிடும். 700சி அளவுச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ அவ்வளவு. முன்னால் 28, பின்னால் 28 என்றால் ஒரு மிதிக்கு 2.1 மீட்டர். முன்னால் 44, பின்னால் 18 என்று ஒரே ஒரு கியர் இருக்கும் சைக்கிளில் ஒரு மிதிக்கு 5 மீட்டருக்கு மேல். இப்போது ஒரு நல்ல மேட்டில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். முதல் சைக்கிளில் நிமிடத்துக்கு 63 சுற்று மிதிப்பீர்கள். இரண்டாவதில் 26. வேகம் ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் ஒவ்வொரு மிதிக்கும் இரண்டரை மடங்கு பலத்தோடு அழுத்த வேண்டும். நடுரோட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவர்களில் பலர் தெம்பில்லாமல் இறங்கியவர்கள் இல்லை. கியர் இல்லாமல் இறங்கியவர்கள்.

கடைப் பலகையில் ‘21 கியர்’ என்று இருந்தால் முன்னால் 3, பின்னால் 7 என்று பொருள். முன்னால் 48, 38, 28 பற்களும், பின்னால் 14 முதல் 28 வரையும் உள்ள அடுக்கு இங்கே பரவலாகக் கிடைக்கும் ஒன்று. அதில் 48க்கு 24 போட்டாலும் 28க்கு 14 போட்டாலும் விடை இரண்டுதான். 38க்கு 18, 38க்கு 20 ஆகிய இரண்டும் அதற்குப் பக்கத்திலேயே வரும். இருபத்தொன்றில் பல இப்படி ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு நிற்கும். முன்னால் ஒரே சக்கரமும் பின்னால் எட்டு, ஒன்பது சக்கரங்களுமாக வரும் புது ஹைபிரிட் சைக்கிளுக்கு மேட்டுக் கியர் அதே அளவு இருந்தால், அதையே எடுங்கள். மாற்றுவதற்கு ஒரு கை போதும், கெட்டுப்போகும் உறுப்பும் குறைவு.

முன்னால் மூன்று சக்கரம் இருப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது: இடதுகை முன்னால் உள்ளதை மாற்றும், வலதுகை பின்னால் உள்ளதை. முன்னால் பெரியது போட்டுப் பின்னாலும் பெரியது போட்டால் செயின் குறுக்கே இழுபட்டுக் கரகரக்கும், தேய்ந்தும் போகும். சிறியதும் சிறியதும் சேர்ந்தாலும் அதே கதை. நடுச்சக்கரத்திலேயே வைத்துக்கொண்டு வலதுகையால் மட்டும் மாற்றிப் பழகினால் முதல் மாதத்துக்கு அது போதும்.

கியர் மாறுவது மிதி சுற்றிக்கொண்டிருக்கும்போது மட்டும்தான். சிக்னலில் நின்றபின் மாற்ற முடியாது. ஆகவே தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே இரண்டு கியர் லேசாக்கிக்கொண்டு வந்து நில்லுங்கள். மேட்டுக்கும் அப்படித்தான். ஏறத் தொடங்கித் திணறியபின் மாற்றினால் செயின் படீரென்று குதிக்கும், சில சமயம் கழன்றும் விழும். ஏற்றம் கண்ணில் பட்டதும், கால் இன்னும் லேசாக இருக்கும்போதே மாற்றுங்கள். மாற்றும் அந்த நொடியில் மிதியைச் சுற்ற வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் வந்துவிடும்.

பெரிய கியர் போதாமல் போகுமோ என்ற கவலை வேண்டாம். பெங்களூர் ரேன்டனர்ஸ் குழு நடத்தும் பிரெவே என்னும் நெடுந்தூர ஓட்டங்களில் 200 கி.மீட்டரை முடிக்கக் கொடுக்கும் நேரம் பதின்மூன்றரை மணி. சாப்பாடு, தேநீர், பஞ்சர் எல்லாம் சேர்த்துச் சராசரி மணிக்கு 15 கி.மீ. இருந்தால் போதும். அந்த நெடுந்தூரக்காரர்களுக்கே தேவைப்படாத 50க்கு 11 என்ற கியரைச் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் என்ன செய்யப் போகிறோம்?

நிமிடத்துக்கு எத்தனை

நிமிடத்துக்கு மிதி எத்தனை முறை முழுதாகச் சுற்றுகிறது என்பதைக் கேடன்ஸ் என்கிறார்கள். அளக்கக் கருவி வேண்டாம். வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஊரில் ஒற்றைக் கியர் ஓட்டிப் பழகியவர்களுக்கு 50க்குக் கீழே வருவதும் உண்டு.

சைக்கிள்காரர்கள் கூடும் இடத்தில் 90 என்ற எண்ணை அடிக்கடி கேட்பீர்கள். பந்தயக்காரர்களின் எண் அது. 1972இல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கி.மீ. ஓட்டிச் சாதனை படைத்தபோது அவருடைய கால்கள் நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் சுற்றின. அவருக்கு இருந்த நுரையீரலும் இதயமும் நமக்கு இல்லை. ஆய்வுக்கூடத்தில் அளந்தால், மெதுவாக ஓட்டும் சாதாரண ஆளுக்கு 50, 60 சுற்றில்தான் ஆக்சிஜன் செலவு குறைவாக இருக்கிறது. அப்படியானால் ஏன் கூட்டச் சொல்கிறோம்? மெதுவாக, கனமாக மிதித்தால் மூச்சு மிச்சமாகும், ஆனால் தொடைச் சதையும் முழங்காலும் விலை கொடுக்கும். மூச்சு வாங்குவது ஐந்து நிமிட ஓய்வில் சரியாகிவிடும். சதைப்பிடிப்பும் மூட்டு வலியும் அப்படிச் சரியாகாது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுவதற்கும் ஒவ்வொன்றாக ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஐந்தாவது மாடி வரை போக வேண்டுமென்றால் எதைச் செய்வீர்கள்?

ஆகவே சமதரையில் 70 முதல் 80க்குள், மேட்டில் 60க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளப் பாருங்கள். ஆரம்பத்தில் இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். கால் வீணாகச் சுற்றுவது போலவும், பக்கத்தில் போகிறவர் நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலவும் இருக்கும். சீட்டில் உடம்பு குதித்தால் உங்கள் காலுக்கு அந்த வேகம் இன்னும் பழகவில்லை என்று பொருள். ஐந்து சுற்று குறைத்துக்கொண்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி கூட்டுங்கள். சீட்டு தாழ்ந்திருந்தால் 80ஐத் தொடவே முடியாது. சுற்றுவதற்குக் காலுக்கு இடமே இருக்காது. உயரத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் இது.

எந்தச் சைக்கிள்

முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் வைத்து, கொழுத்த டயரோடு, பார்க்க மோட்டார் சைக்கிள் போல நிற்கும் எம்.டி.பி. என்னும் மலைப்பாதைச் சைக்கிள்தான் முதலில் கண்ணை இழுக்கும். பெங்களூர் ரோட்டில் குழி அதிகம், ஸ்பிரிங் இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். மலிவு விலையில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க் கனமானது. மேட்டில் எழுந்து மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பங்கை அது மேலும் கீழும் ஆடியே தின்றுவிடும். குழிக்கு மருந்து டயரில் இருக்கிறது. 35 முதல் 40 மி.மீ. அகல டயரும் அளவான காற்றும் இருந்தால் ஸ்பிரிங் தேவையே இல்லை. காட்டுப் பாதையில் ஓட்டும் திட்டம் இல்லாதவர்கள் ஹைபிரிட் வாங்குங்கள்: நேரான ஹேண்டில்பார், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க், 700சி சக்கரம், மட்கார்டும் கேரியரும் மாட்ட ஓட்டைகள். கடைசியாகச் சொன்ன ஓட்டைகளைக் கட்டாயம் பாருங்கள். செப்டம்பர் மழையில் மட்கார்டு இல்லாமல் அலுவலகம் போனவர்களின் சட்டை முதுகு கதை சொல்லும்.

கொம்பு வளைந்த ரோட் பைக் இரண்டாவது சைக்கிளாக இருக்கட்டும். மெலிந்த டயரோடு நகரத்து வேகத்தடைகளைத் தாண்டுவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். வெள்ளைக்கோடு கூடப் போடாமல் இரவோடு இரவாக முளைக்கும் வேகத்தடைகளும் இங்கே உண்டு. மெட்ரோவில் பாதி வழி போகிறவர்களுக்கு மடக்குச் சைக்கிள் நல்ல யோசனை. மடித்தபின் அளவும் எடையும் நம்ம மெட்ரோவின் வரம்புக்குள் அடங்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். சின்னச் சக்கரம் என்பதால் குழியில் அதிகம் தூக்கிப்போடும்.

பெண்களுக்கென்று தனிச் சைக்கிள் வேண்டுமா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையை நினைவூட்டலாம். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின்போது ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் வைத்த சைக்கிளை ஓட்டத் தொடங்கிய சிலர், பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பினார்கள். புடவையோ நீண்ட குர்தாவோ அணிபவர்களுக்குக் கம்பி தாழ்ந்த பிரேம் வசதி, செயின் கவர் அதைவிட வசதி. மற்றபடி உயரம், கால் நீளம், கை எட்டும் தூரம், சீட்டின் அகலம் இவையே தேர்வை முடிவு செய்யட்டும். இளஞ்சிவப்பு நிறம் பொருத்தத்தைத் தராது.

வாங்கும் முன் வால்வைப் பாருங்கள். நம் ஊர்ப் பழைய சைக்கிளில் இருப்பது வால்டியூப் வைத்த டன்லப் வால்வு. ஹைபிரிட்களில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் உள்ளதைப் போன்ற தடித்த ஷ்ரேடர் வால்வு, பெட்ரோல் பங்கிலேயே காற்றடிக்கலாம். ரோட் பைக்கில் வரும் ஒல்லி பிரெஸ்டா வால்வுக்குப் பங்கின் குழாய் சேராது, சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எப்படியிருந்தாலும் அழுத்தமானி வைத்த ஒரு கைப்பம்பு வீட்டில் இருப்பது நல்லது. சைக்கிள் டியூபில் காற்று தானாகவே இறங்கும், வாரம் ஒரு முறை அடிக்க வேண்டும். 35 மி.மீ. டயருக்கு, 70 கிலோ எடையுள்ளவர் 50 முதல் 60 பி.எஸ்.ஐ. வைத்துப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம்.

கையில் உள்ள பணம் முழுவதையும் சைக்கிளிலேயே போட்டுவிடாதீர்கள். ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, கெட்டியான பூட்டு, பம்பு, மாற்று டியூப் இவற்றுக்கு எடுத்து வைத்தபின் மிச்சத்துக்குச் சைக்கிள் பாருங்கள். 2020இல் வெளிவட்டச் சாலையோரம் தடுப்புக் குச்சி நட்டுச் சைக்கிளுக்குத் தனிப் பாதை பிரித்தார்கள். அந்தக் குச்சிகள் பல இடங்களில் நிலைக்கவில்லை. பஸ்ஸோடும் லாரியோடும் சேர்ந்து போகப் போகிறோம் என்று கணக்கிட்டே விளக்கை வாங்குங்கள்.

நந்தி

பெங்களூரில் சைக்கிள் வாங்கிய எவரும் “நந்தி ஏறியாச்சா?” என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நகரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி, 1,478 மீட்டர் உயரத்தில் இருக்கிறது நந்தி மலை. தேவனஹள்ளி தாண்டி இடப்பக்கம் திரும்பிப் போனால் அடிவாரம். அங்கிருந்து ஏறத்தாழ 8 கி.மீ. ஏற்றம், சராசரி 5 முதல் 6 சதவீதம், கொண்டை ஊசி வளைவுகள் நெருங்க நெருங்க அதைவிடச் செங்குத்து. 2008 முதல் பெங்களூர்க்காரர்கள் நடத்திவரும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் ஓட்டத்தில் வரும் கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளோடு ஒப்பிட்டால் இது பாலபாடம். ஆனாலும் கியர் கணக்கு இங்கே ஒளிவுமறைவில்லாமல் வெளியே வந்துவிடும். மேலே சொன்ன மணிக்கு 8 கி.மீ. கணக்குப்படி ஏறினால் ஒரு மணி நேரம். ஒன்றுக்கு ஒன்று கியர் இருப்பவர் அறுபது சுற்றில் பேசிக்கொண்டே ஏறலாம். பழைய பந்தயச் சைக்கிளில் 39க்கு 25 வைத்திருப்பவர் நாற்பதில் முக்குவார்.

முதல் முறை காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு அடிவாரம் வரை போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. அடிவாரத்தில் கடைசிக்கு முந்தைய லேசான கியரைப் போட்டுக் கிளம்புங்கள். கடைசிக் கியரை மேல் வளைவுகளுக்கு மிச்சம் வையுங்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் எளிதாகத் தோன்றும், அங்கேதான் பலர் வேகமாகப் போய் மூச்சைத் தொலைக்கிறார்கள். நடுவில் நிற்க வேண்டியிருந்தால் வளைவின் வெளிப்பக்கத்தில், சரிவு குறைந்த இடமாகப் பார்த்து நில்லுங்கள். மறுபடி கிளம்ப அங்கேதான் முடியும்.

இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வரக் கூடாது. ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறும், டிஸ்க் என்றால் தட்டு சூடேறும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நேர்ப்பாதையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் கையைத் தளர்த்துங்கள். வளைவின் வெளிப்பக்க மிதி கீழே, உடம்பின் எடை அதன்மேல். எதிரே கார்கள் வளைவை அறுத்துக்கொண்டு ஏறி வரும், குறிப்பாக வார இறுதியில் விடிந்தபின். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குக் காற்று வீசும் நாள்களில், நகரத்துக்குத் திரும்பும் வழி முழுக்க முகத்தில் அடிக்கும். தரை சமம்தானே என்று கனமான கியரைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்க வேண்டாம். காற்றையும் ஒரு மேடாகவே நினைத்து இரண்டு கியர் இறக்கி, 70 சுற்றைக் காப்பாற்றிக்கொண்டு வாருங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில் எடுத்துப் போயிருக்க வேண்டும்.